அரசாங்கத் துப்பாக்கியும் கம்பெனித் துப்பாக்கியும்

முதல் உலகப் போரைப் பற்றி இப்போது தமிழில் நிறைய எழுதுகிறார்கள், காணொளிகளும் போடுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. இயந்திரத் துப்பாக்கி என்று வந்தால் மாக்சிமில் ஆரம்பித்து, ஜெர்மன்காரனுடைய எம்.ஜி. 08, இங்கிலீஷ்காரனுடைய விக்கர்ஸ் என்று பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். பிரெஞ்சுக்காரன் முறை வந்ததும் 'ஷோஷா' என்ற ஒரு பெயரைச் சொல்லி, சேறு புகுந்தால் நின்றுவிடும் என்று சிரித்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவார்கள். ஷோஷா ஒரு ஆள் தூக்கிக்கொண்டு ஓடும் இலகு ரகம். கனரகத்தில் பிரான்சிடம் ஒச்கிஸ் 1914 என்று ஒன்று இருந்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஆங்கிலத்தில் ஹாட்ச்கிஸ் என்பார்கள். பிரெஞ்சில் முதல் எழுத்தை விழுங்கிவிடுவார்கள். அந்த மொழியில் படித்த எனக்கு ஒச்கிஸ் என்றுதான் வாயில் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கிமேல் எனக்கு மோகம் எதுவும் கிடையாது. இதன் கதைக்குள் ஒரு அரசாங்கக் கோப்பு ஒளிந்திருக்கிறது. குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவனுக்கு அந்தக் கோப்பின் வாசனை தூரத்திலேயே தெரிந்துவிடும்.

பெஞ்சமின் ஒச்கிஸ் ஒரு அமெரிக்கர். கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்து, 1867இல் பிரான்சுக்கு வந்து, பின்னர் பாரிசுக்குப் பக்கத்தில் சேன்-தெனியில் ஆலை வைத்தார். 1885இல் இறந்துபோனார். ஆக, அவர் பெயரைத் தாங்கிய இந்தத் துப்பாக்கியை அவர் கண்ணால் கண்டதில்லை. அவர் போய் எட்டு வருஷம் கழித்து, 1893இல், ஒத்கொலெக் என்ற ஆஸ்திரியக் குதிரைப்படை அதிகாரி ஒருவர் ஒரு மாதிரியைக் கொண்டுவந்து கம்பெனியில் காட்டினார். வெடிமருந்துப் புகையின் அழுத்தத்தாலேயே துப்பாக்கியை இயக்குவது அவருடைய யோசனை. கம்பெனி அதை ஒரே தொகை கொடுத்து மொத்தமாக வாங்கிக்கொண்டது. செய்து விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் இவ்வளவு என்று ராயல்டி கேட்டிருந்தால் அந்த மனிதர் பிற்பாடு பெரும் பணக்காரர் ஆகியிருப்பார். கண்டுபிடித்தவன் ஒருவன், காசு பார்த்தவன் இன்னொருவன் என்பது எல்லா ஊர் வழக்கமும்தான். கம்பெனியில் இருந்த லாரன்ஸ் பெனே என்ற அமெரிக்கரும் ஆன்றி மெர்சியே என்ற பிரெஞ்சுக்காரரும் அதைச் செதுக்கிச் செதுக்கி உருப்படியாக்கினார்கள். 1897இல் ஒரு மாதிரி, 1900இல் ஒன்று, கடைசியில் 1914.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. மாக்சிமில் தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறதே, அந்த உதையை வைத்தே அடுத்த தோட்டாவை ஏற்றுவார்கள். ஒச்கிஸில் குழலின் அடியில் ஒரு சிறு துளை. குண்டு அந்த இடத்தைத் தாண்டியதும், பின்னால் வரும் வாயுவில் கொஞ்சம் அந்தத் துளை வழியாக இறங்கி ஒரு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். பிஸ்டன் போகிற போக்கில் பூட்டைத் திறந்து, காலி உறையை வெளியே எறிந்து, ஒரு ஸ்பிரிங்கை அழுத்திவிடும். ஸ்பிரிங் திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வந்து பூட்டும். அவ்வளவுதான்.

தொடர்ந்து சுட்டால் குழல் காய்ந்து சிவந்துவிடும். மாக்சிமில் குழலைச் சுற்றி ஒரு உறை போட்டு அதில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். தண்ணீர் கொதித்து ஆவியாகும், மறுபடி ஊற்ற வேண்டும், ஆவி எழும்பினால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும், அதற்கு ஒரு குழாய், ஒரு டப்பா. ஒச்கிஸில் இந்தத் தொல்லை கிடையாது. குழலின் அடிப்பகுதியில் ஐந்து பெரிய வளையங்கள், அடுக்கி வைத்த வடைபோல. காற்று படும் பரப்பு கூடுவதால் சூடு அதன் வழியே வெளியேறும். மோட்டார் சைக்கிள் என்ஜினில் தகடு தகடாக இருக்கிறதே, அதே தத்துவம். குடிக்கவே தண்ணீர் இல்லாத இடத்தில் துப்பாக்கிக்குத் தண்ணீர் தேடி அலைய வேண்டியதில்லை.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது வேறு. மொத்தம் 32 உறுப்புகள்தான், அதில் நான்கு சுருள் ஸ்பிரிங். கழற்றி மாட்டுவதற்குத் திருகாணியும் கிடையாது, முளையும் கிடையாது. எந்த உறுப்பையும் தப்பாகப் பொருத்த முடியாதபடி வடிவம் செய்திருந்தார்கள். தலைகீழாக வைத்தால் உள்ளே போகாது. இருட்டில், குளிரில் விறைத்த கையோடு, தூங்கி மூன்று நாள் ஆன பையன் ஒருவன் இதைக் கழற்றித் துடைத்து மாட்டப்போகிறான் என்று யோசித்துச் செய்த வேலை அது.

இப்போது கோப்புக்கு வருவோம். இவ்வளவு நல்ல துப்பாக்கி தங்கள் தலைநகரத்துக்குப் பக்கத்திலேயே தயாராகிக்கொண்டிருந்தபோது, பிரெஞ்சு அரசாங்கம் என்ன செய்தது? தனியார் கம்பெனியிடம் போய் நிற்பதாவது, அதுவும் அமெரிக்கன் பெயர் வைத்த கம்பெனியிடம், நமக்குத்தான் சொந்தமாக ஆயுத ஆலைகள் இருக்கின்றனவே என்று தீர்மானித்தது. பியுத்தோவில் இருந்த அரசு ஆலை ஒச்கிஸைப் பார்த்து, அதைவிடச் சிறப்பாக என்று 1905இல் ஒன்றைச் செய்தது. சரிப்படவில்லை. கோட்டைக் காவலுக்கு அனுப்பிவிட்டு, அதைத் திருத்தி சேந்த்-எத்தியேன் அரசு ஆலையில் 1907இல் இன்னொன்று செய்தார்கள். போர் மூண்டபோது பிரெஞ்சுக் காலாட்படை கையில் வைத்திருந்தது பெரும்பாலும் இந்தச் சேந்த்-எத்தியேன் துப்பாக்கியைத்தான்.

அதன் அமைப்பைப் படித்தால் தலை சுற்றும். ஒச்கிஸில் பிஸ்டன் பின்னால் போகிறது என்றேன் அல்லவா? அதை அப்படியே வைத்தால் காப்பி அடித்தது போல் ஆகிவிடும். எனவே இதில் பிஸ்டன் முன்னால் போகும். ஆனால் பூட்டு பின்னால்தானே திறக்க வேண்டும்? அதற்காக நடுவில் ஒரு பற்சக்கரம், ஒரு பற்சட்டம், முன்னால் போகும் அசைவைத் திருப்பிப் பின்னால் போகும் அசைவாக்க. உறுப்புகள் 64, ஒச்கிஸைப்போல இரண்டு மடங்கு. ஸ்பிரிங் குழலுக்குக் கீழே திறந்தவெளியில். குழல் காய்ந்தால் அதுவும் காய்ந்து வலுவிழக்கும், மழை பெய்தால் சேறு அதில்தான் வந்து உட்காரும். இது போதாதென்று வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கருவி. நிமிடத்துக்கு எட்டு குண்டிலிருந்து அறுநூறுக்கு மேல்வரை இஷ்டம்போல் வைத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு எட்டு குண்டு சுட யாருக்கு இயந்திரத் துப்பாக்கி வேண்டும்? ஆனால் குழுவில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெரிய அதிகாரி கேட்டிருப்பார், யாரோ ஒரு பொறியாளர் 'ஆகட்டும்' என்றிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். அலுவலகத்தில் அப்படித்தான் நடக்கும்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இரும்பு பீரோ வாங்க வேண்டுமென்றால் எங்கள் இலாகாவின் சொந்தப் பட்டறையில்தான் வாங்க வேண்டும் என்று விதி. அந்த பீரோக்களின் கதவு மூடாது. மூடினால் திறக்காது. பஜாரில் அதைவிடக் குறைந்த விலைக்கு ஒழுங்கான பீரோ கிடைத்தது. விதியை மாற்றக் கேட்டு நானே இரண்டு முறை குறிப்பு எழுதினேன், 'பார்த்தேன்' என்று சுருக்கொப்பமிட்டுத் திரும்பி வந்தது. கதவுக்குக் கயிறு கட்டிப் பல வருஷம் ஓட்டினோம். பீரோ மூடாவிட்டால் கரையான் காகிதத்தைத் தின்னும், அத்தோடு சரி. துப்பாக்கி நின்றால்?

சேந்த்-எத்தியேன் மோசமான துப்பாக்கி என்று சொன்னால் அதுவும் நியாயமாகாது. சோதனைக்களத்தில், நல்ல வெயிலில், எண்ணெய் போட்டுத் துடைத்து, பயிற்சி பெற்ற ஆள் கையாண்டால் நன்றாகவே சுட்டது. உலோக வேலைப்பாடு வெகு நேர்த்தி. அதிகாரிகள் அப்படிப்பட்ட நாளில் பார்த்துத்தான் ஒப்புதல் கொடுத்திருப்பார்கள். பதுங்குகுழியில் அப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. மழை, சுண்ணாம்பு மண், முழங்கால் ஆழச் சேறு, எரிகுண்டு விழுந்தால் மேலே கொட்டும் புழுதி. அதற்கு நடுவே பற்சக்கரத்தின் பல்லிடுக்கில் மண் புகுந்தால், எதிரே ஐம்பது பேர் ஓடி வரும்போது 64 உறுப்பில் எதைக் கழற்றுவது?

இந்த விஷயத்தில் அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு பாடம் இருந்தது. 1870இல் பிரஷ்யாவோடு நடந்த போரில் மூன்றாம் நெப்போலியன் 'மித்ரையேஸ்' என்ற பல குழல் துப்பாக்கியை இரகசிய ஆயுதமாக வைத்திருந்தார். 25 குழல்கள். இரகசியம் கசியக்கூடாதென்று பொத்திப் பொத்தி வைத்ததில், அதை இயக்க வேண்டிய சிப்பாய்களுக்கே சரியான பயிற்சி இல்லாமல் போயிற்று. பீரங்கிபோல் தூரத்தில் நிறுத்தினார்கள், பிரஷ்யப் பீரங்கிகள் அதைத் தேடிப் பிடித்து அடித்தன. கையில் பிடிப்பவனைக் கேட்காமல் மேலே இருப்பவர்கள் முடிவெடுத்தது அப்போதும் அதே கதைதான்.

1914 ஆகஸ்டில் பிரெஞ்சு ரெஜிமென்ட் ஒன்றுக்கு ஆறு இயந்திரத் துப்பாக்கி. ஜெர்மன் ரெஜிமென்டிலும் ஆறுதான். ஜெர்மன்காரனிடம் ஏராளமாக இருந்தது என்பது பரவலான கட்டுக்கதை. அவன் ஆறையும் ஒரே கம்பெனியாக வைத்துத் தேவைப்பட்ட இடத்தில் குவித்தான், இவர்கள் பட்டாளத்துக்கு இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். சில வாரத்திலேயே இரு தரப்புக்கும் ஆறு போதாது என்று தெரிந்துவிட்டது. அரசு ஆலைகளால் தேவையை ஈடுகட்ட முடியவில்லை. வேறு வழியில்லாமல்தான் ஒச்கிஸ் கம்பெனிக்கு ஆர்டர் போயிற்று, தற்காலிக ஏற்பாடு என்று. அந்தத் தற்காலிகம் போர்முனைக்குப் போனதும் சிப்பாய்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் உடனே முடிவு வரவில்லை. சேந்த்-எத்தியேனில் திருத்தம், திருத்தத்தில் திருத்தம் என்று காலம் போய், 1917இல்தான் முன்வரிசையில் ஒச்கிஸ் அதன் இடத்தைப் பிடித்தது. அதற்குள் சேந்த்-எத்தியேன் ஏறத்தாழ 39,700 செய்து முடித்திருந்தார்கள்.

மூன்று வருஷம். மார்ன், ஆர்த்துவா, ஷாம்பாஞ், வெர்தன், சோம் எல்லாம் அந்த மூன்று வருஷத்தில் அடக்கம். நம் கடற்கரைச் சாலையில் ஜூலை 14 அன்று விளக்குப் போட்டு வைக்கும் போர் நினைவுச் சின்னம் இருக்கிறதே, புதுச்சேரி, காரைக்காலிலிருந்து கப்பலேறிப்போய்த் திரும்பி வராதவர்களுக்காக அது நிற்கிறது. அவர்களில் யார் எந்தத் துப்பாக்கிக்குப் பின்னால் படுத்திருந்தார்கள் என்ற கணக்கு நினைவுச் சின்னத்தில் இருக்காது. அந்த வழியே நடக்கும்போது எனக்கு அந்தக் கணக்கு ஞாபகம் வருகிறது.

வெர்தனைப் பற்றிய புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு செய்தி உண்டு. 1916இல் துணைக்கு ஆள் வர முடியாமல் துண்டிக்கப்பட்ட ஒரு பிரிவு இரண்டே ஒச்கிஸை வைத்துக்கொண்டு பத்து நாள் தாக்குப்பிடித்ததாகவும், இரண்டும் சேர்ந்து ஒன்றரை லட்சம் தோட்டா சுட்டதாகவும் சொல்கிறார்கள். கம்பெனிக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது. ஆகவே கொஞ்சம் கழித்துக்கொண்டு கேட்கலாம். பாதியாகக் குறைத்தாலும் பெரிய விஷயம்தான்.

குறையே இல்லாததும் அல்ல. முதல் குறை எடை. துப்பாக்கியும் முக்காலியும் சேர்ந்து ஏறத்தாழ 50 கிலோ. அதைத் தோளில் சுமந்து சேற்றில் ஓடியவர்கள் பாவம். இரண்டாவது, தோட்டா ஊட்டும் முறை. மாக்சிமுக்குத் துணிப்பட்டை, அதில் 250 தோட்டா. ஒச்கிஸுக்கு விரைப்பான உலோகப் பட்டை, அதில் 24 தோட்டாதான். நிமிடத்துக்கு 450 சுடும் வேகத்தில் அது மூன்று விநாடிக்குக் கொஞ்சம் மேலே தாங்கும். பக்கத்தில் ஒருவன் முழந்தாளிட்டு, ஒரு பட்டை உள்ளே போகப் போக அடுத்ததை நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் அப்பளம் போடுகிறவன்போல. பிறகு மடங்கக்கூடிய நீளப் பட்டை ஒன்றையும் கொண்டுவந்தார்கள், டாங்கிக்குள் வைப்பதற்கு வசதியாக. இதில் பாதிப் பழி தோட்டாவுக்குப் போக வேண்டும். 1886இல் வந்த லெபெல் தோட்டா அடி பருத்து நுனி சிறுத்தது, வரிசையாக அடுக்கினால் வளையும். அவசரத்தில் முடிவான அந்த வடிவத்தை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறைப் பிரெஞ்சுத் துப்பாக்கிக்காரர்கள் மல்லாடினார்கள்.

1917இல் அமெரிக்கர்கள் போருக்கு வந்தபோது அவர்களிடம் போதுமான இயந்திரத் துப்பாக்கி இல்லை. அவர்களுடைய புது பிரௌனிங் போர்முனைக்கு வர 1918 செப்டம்பர் ஆகிவிட்டது. அதுவரை பெரும்பாலும் ஒச்கிஸ்தான், சுமார் 7,000 பிரான்சிடமிருந்து வாங்கினார்கள். அமெரிக்கன் ஆரம்பித்த கம்பெனி, அமெரிக்கன் திருத்திய துப்பாக்கி, அமெரிக்கனுக்குப் பிரெஞ்சுக்காரன் விற்றான். ஜப்பானியர்கள் இன்னும் முந்திக்கொண்டவர்கள். 1904–05இல் ரஷ்யாவோடு நடந்த போரிலேயே ஒச்கிஸை வைத்திருந்தார்கள், ரஷ்யரிடம் மாக்சிம். பிறகு நம்பு என்ற அவர்களுடைய அதிகாரி அதைத் தங்கள் தோட்டாவுக்கு மாற்றி அமைத்தார். அதன் பேரப்பிள்ளையான 92ஆம் வகைத் துப்பாக்கியை இரண்டாம் போரில் பர்மாக் காட்டில் இந்தியப் படையினர் எதிர்கொண்டார்கள். டொக், டொக், டொக் என்று நிதானமாகச் சுடுவதால் அதற்கு மரங்கொத்தி என்று பெயர். சேன்-தெனியில் போட்ட விதை நம் நாட்டு ஆட்களையே கொன்றிருக்கிறது.

அதனால்தான் 'நல்ல துப்பாக்கி' என்று எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் தயங்குகிறது. அது நிற்காமல் சுட்டதால் இந்தப் பக்கம் பிழைத்தவன் ஒருவன் என்றால், அந்தப் பக்கம் விழுந்தவர்கள் பலர், அவர்களும் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வந்த பையன்கள்தான். தனியார் கம்பெனி ஆயுதம் செய்தால் லாபத்துக்காக இரண்டு பக்கமும் விற்கும், ஆகவே அரசாங்கமே செய்ய வேண்டும் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நானும் அரசாங்கச் சம்பளத்தில் சாப்பிட்டவன். ஆலை அரசாங்கத்துடையதாகவே இருக்கட்டும். ஒச்கிஸின் உரிமையைக் காசு கொடுத்து வாங்கிச் சேந்த்-எத்தியேனிலேயே செய்திருக்கலாமே? ராயல்டி மிச்சம் பிடித்தோம், பெயர் நம்முடையதாக இருக்கட்டும் என்று பிஸ்டனை எதிர்த்திசையில் ஓடவிட்டார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தத் தீர்மானத்தில் கையெழுத்திட்டவர்கள் யாரும் அந்தத் துப்பாக்கிக்குப் பின்னால் படுக்க வேண்டியிருக்கவில்லை.

ஒச்கிஸ் அதற்கப்புறமும் வெகுநாள் உழைத்தது. 1940இல் ஜெர்மன் படை மறுபடி வந்தபோதும் பிரெஞ்சுக் காலாட்படையின் கனரகத் துப்பாக்கி அதுதான். தோற்ற பிறகு ஜெர்மன்காரர்கள் பறித்துக்கொண்டு தாங்களே ஒரு எண் போட்டுப் பயன்படுத்தினார்கள். பிறகு இந்தோசீனாப் போர். நம் ஊர்ச் சொல்தாக்கள் சைகோனுக்குப் போன அந்தக் காலத்திலும் பழைய ஒச்கிஸ்கள் அங்கே வேலையில் இருந்தன.

முன்வரிசையிலிருந்து விலக்கிய அந்த ஆயிரக்கணக்கான சேந்த்-எத்தியேன்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். உருக்கிவிடவில்லை. கொஞ்சம் பின்வரிசைக்கு, கொஞ்சம் இத்தாலி, கிரீஸ் போன்ற நட்பு நாடுகளுக்கு, மீதி குடியேற்ற நாட்டுப் படைகளுக்கு என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.